கடலை இழுத்து வந்த மோட்டார்

கல்யாண மண்டபத்துக்குப் போனால் மற்றவர்கள் முகூர்த்தப் புடவையைப் பார்ப்பார்கள், நான் பின்பக்கம் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் போவேன். குழாயைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். என் கணவர் தேடிக்கொண்டு வந்து, "சாப்பாடு முன்னாடி போடறாங்க, இங்க இல்ல" என்பார். உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் நிலத்தடி நீர் வல்லுநராகக் காலம் தள்ளி, மூத்தவள் என்ற பெயரும் வாங்கி, ஓய்வும் பெற்றாயிற்று. இந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. காலுக்கு அடியில் என்ன ஓடுகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத இடத்தில் எனக்குச் சோறு இறங்காது.

இப்போது என் நாற்காலியில் இருப்பவள் நிவேதா. கெட்டிக்காரி. அவள் காலத்தில் கிணறுகளுக்குள் மட்டம் பார்க்கும் கருவிகளை இறக்கிவிட்டார்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்பது மேஜையில் இருக்கும் திரையில் கோடாக ஓடுகிறது. போன வாரம் அவள் போன் செய்தாள்.

"மேடம், திருவான்மியூர்ல ஒரு நர்சரி கிணறு. தினமும் காலையில மட்டம் சர்ருனு இறங்குது. கடலுக்கு அவ்ளோ பக்கத்துல அப்படி இறைச்சா உப்பு வந்துடும்ல? மூடச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம்னு பார்த்தேன். ஆனா நீங்க அந்த மோட்டார் ஓடட்டும்னு எழுதி வச்சிருக்கீங்களாமே, ஏன்?"

எனக்கு எந்தக் கிணறு என்று உடனே தெரிந்துவிட்டது. "நேர்ல போய்ப் பாத்துட்டு வா, அப்புறம் நோட்டீஸ் அனுப்பலாம்" என்றேன். போவதற்குள் கதையையாவது சொல்லுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது சைதாப்பேட்டையில், அடையாற்றுக்குக் கூப்பிடு தூரத்தில். மழைக்காலத்தில் ஆறு நிரம்பினால் எதிர் வீட்டுக் கிணற்றில் உடனே தண்ணீர் ஏறும், எங்கள் கிணற்றில் தாமதமாகத்தான் ஏறும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். ஏன் இப்படி என்று அப்பாவைக் கேட்டால், "கேள்வி கேக்காம குடத்தை எடு" என்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நிலவியல் படித்தேன் என்று சொல்லலாம். கல்லூரியில் பாறைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். தண்ணீரைப் பற்றிக் கற்றுக்கொண்டதெல்லாம் வேலைக்கு வந்த பிறகு, கமாலுதீன் சாருக்குப் பின்னால் வெயிலில் நடந்துதான். எங்கள் சந்துக்கு அடியில் களிமண் பட்டை ஒன்று தண்ணீரை மறித்துக் குறுக்கே படுத்திருந்ததையும் அப்படித்தான் கண்டுபிடித்தேன். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "இதுக்கா இவ்ளோ படிச்சே?" என்றார்.

கமாலுதீன் சார் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், எங்கள் பிரிவின் தலைவர். ஆள் பெரிய உருவம், குரலும் பெரியது. ஆனால் நாய் என்றால் அவருக்கு உயிர் போய்விடும். வெயிலோ மழையோ, கையில் நீளமான குடை ஒன்று எப்போதும் இருக்கும். எந்த வீட்டுக் கேட்டைத் தொடுவதற்கு முன்னாலும், "நாய் கீதான்னு பாரும்மா நீ மொதல்ல" என்று என்னை முன்னால் தள்ளுவார். அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்ததில் பாதி நாய் பார்த்ததற்குத்தான்.

கிணற்றடியில் மட்டும் அவர் வேறு ஆள். மட்டம் அளக்க அப்போது எங்களிடம் எஃகு டேப்புதான். அதன் முனைப்பக்கத்தில் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். கிணற்றின் விளிம்பில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருப்போம். எத்தனை முறை வந்தாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். டேப்பை மெல்ல இறக்கி, முனை தண்ணீருக்குள் கொஞ்சம் போனதும், முழு மீட்டர் எதையாவது கோட்டுக்கு நேராகப் பிடித்துவிட்டு மேலே இழுக்க வேண்டும். சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறதோ அதைக் கழித்தால் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று வந்துவிடும். பிறகு துடைத்துக் காயவைத்து இன்னொரு தடவை. இரண்டும் ஒத்துவராவிட்டால் சார் எதுவும் பேசமாட்டார், சாக்பீஸை மட்டும் நீட்டுவார்.

மாதிரித் தண்ணீர் எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. குழாயில் நெடுநேரம் நின்ற தண்ணீர் வேண்டாம், அதைப் போகவிட்டு நிலத்துக்குள்ளிருந்து புதிதாக வருவதைப் பிடிக்க வேண்டும். பாட்டிலை அதே தண்ணீரால் அலச வேண்டும். குமிழி இல்லாமல் வழிய வழிய நிரப்ப வேண்டும். லேபிளைப் பாட்டில் நனைவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். நனைந்த பிறகு எழுதினால் மை ஊறி, மந்தைவெளி மயிலாப்பூராகிவிடும்.

அவரிடம் ஒரு சொல் இருந்தது. "வேற?" ஹோட்டலில் சர்வர், இட்லி சொன்னதும் "வேற?" என்று கேட்பாரே, அதே தொனி. இந்தக் கிணறு வற்றியதற்கு மழை இல்லாததுதான் காரணம் என்று நான் சொன்னால், "சரி. வேற?" என்பார். பக்கத்தில் புதிதாக ஆழ்துளை போட்டிருக்கலாம் என்பேன். "வேற?" என்பார். எனக்குத் தெரிந்த காரணமெல்லாம் தீரும்வரை விடமாட்டார். முதல் வருடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும். பிறகு வீட்டில் பால் திரிந்தால்கூட மனசுக்குள் "வேற?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

தி. நகரில் ஒரு முறை, தென்மாவட்டத்திலிருந்து வந்து துணிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் புதுக் கட்டடத்துக்காகப் பூமிக்கடியில் தளம் தோண்டினார். ஊறிவந்த தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துத் தெருவின் மழைநீர்க் கால்வாயில் விட்டுக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்த வீடுகளின் கிணறுகள் ஒவ்வொன்றாக இறங்கின. நாங்கள் போய்ப் பேசியபோது அவர் கோபப்படவில்லை. எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, உண்மையாகவே புரியாமல் கேட்டார்:

"நான் யார் வீட்டுக் கிணத்துலயும் வாளி விடலியே தாயி. என் எடத்துல ஊறுறத இறைக்கேன். அது எப்படி அவுங்க தண்ணியாவும்?"

நல்ல கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன். ஒரு தட்டில் மணலைப் பரப்பி, ஈரமாக்கி, நடுவில் விரலால் குழி தோண்டிக் காட்டினேன். ஓரத்து ஈரமெல்லாம் நடுக்குழிக்கு வந்து சேர்ந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாளே இறைத்த தண்ணீரைக் கால்வாயில் விடாமல், குழாய் போட்டு அக்கம்பக்கத்து வீடுகளின் மழைநீர்க் குழிகளுக்கே திருப்பிவிட்டார். பூமிக்கடியில் சுவர் கிடையாது என்பதை ஜனங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் இந்த வேலையில் பாதி.

இனி திருவான்மியூர்.

கடற்கரைக்குப் போகும் தெருக்களில் ஒன்றில் அமுதா என்ற பெண் குத்தகை நிலத்தில் செடி நர்சரி வைத்திருந்தாள். அந்த இடத்தை அவள் எடுத்ததே அங்கிருந்த பழைய கிணற்றுக்காகத்தான். அவளை ஒட்டி, நிலத்தின் உட்பக்கமாக, பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சங்கத் தலைவர் பார்த்தசாரதி, கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் பரம்பரையாக இருந்துவிட்டு இங்கே குடிவந்தவர். அவர் கையெழுத்தோடு எங்களுக்கு ஒரு மனு வந்தது. குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வருடத்துக்கு வருடம் உப்பாகிக்கொண்டே போகிறது, பக்கத்து நர்சரிக்காரி காலையிலிருந்து மோட்டார் போட்டு இறைப்பதால் கடல் நீர் உள்ளே வந்துவிட்டது, அந்த மோட்டாரை நிறுத்திக் கிணற்றை மூட வேண்டும் என்பது மனுவின் சாரம்.

அபத்தமான மனு என்று தள்ளிவிட முடியாது. கரையோரத்தில் மழைத்தண்ணீர் நல்ல நீராக மணலில் தங்கியிருக்கும், அதற்கு அடியில் உப்புநீர் இருக்கும். மேலே அதிகமாக இறைத்தால் அடியிலிருப்பது ஏறிவரும். கடலோரத்தில் வியாபாரத்துக்காக இறைக்கும் கிணறு உப்பானால் அதை மூடச் சொல்லும் அதிகாரம் எங்களிடம் இருந்தது. எங்கள் அறிக்கையில் ஒரு வரி போதும், அமுதாவின் பிழைப்பு முடிந்துவிடும்.

நான் போனபோது அவள் செம்பருத்தித் தொட்டிகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். இலைகளின் ஓரம் கருகியிருந்தது. உப்புத்தண்ணீர் குடித்த செடி அப்படித்தான் காட்டும்.

"வாங்க மேடம். கிணத்த மூட வந்தீங்களா?"

"பாக்க வந்தேன்."

"பாருங்க, நல்லா பாருங்க. என் மோட்டாரு கடலையே இழுத்துக்கினு வந்துருச்சாமே. பக்கத்து ஃப்ளாட்டு மாமா எழுதிக் குடுத்துருக்காரு. அந்தோ கீது பாருங்க மோட்டாரு. கக்கூஸ் டேங்க்குக்குத் தண்ணி ஏத்துறதுக்குக்கூட பத்தாது. அதுக்கு அம்மாம் பெரிய கடலு பயந்துக்கினு வந்துச்சாமா?"

சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. "இந்தத் தண்ணி இல்லாட்டி எனக்கு இந்த எடத்துல இன்னா வேல மேடம்? லாரித் தண்ணி வாங்கி ரோஜாவுக்கு ஊத்துனா கட்டுமா?" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு மண் கட்டியைக் காலால் உடைத்தாள்.

கிணற்றுத் தண்ணீரில் மீட்டரை வைத்தேன். உப்பு எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி அது. உண்மையிலேயே உப்புதான். நான் கடலைத்தான் சந்தேகித்தேன், எல்லோரையும் போல. ஆனால் கடல் வந்தது என்றால் வந்த வழி தெரிய வேண்டுமே? அலையிலிருந்து ஆரம்பித்து உள்ளே நடந்து பார்ப்போம் என்று கரைக்குப் போனேன்.

மீனவர் குப்பத்தில் கடலுக்குக் கல்லெறியும் தூரத்தில் ஒரு கைப்பம்பு இருந்தது. தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அம்மாள், நான் மீட்டரை எடுத்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா அது, ஜொரம் பாக்குறியா?"

"தண்ணி உப்பான்னு பாக்கறேம்மா."

"உப்பா? நல்லா கேட்ட போ. இந்தத் தெருவுல பெரிய வீட்டுக்காரங்கல்லாம் கார்ல வந்து இங்கதான் கேன் கேனா புடிச்சிக்கினு போறாங்க. குடிச்சிப் பாரு."

குடித்தேன். இளநீர் போல இருந்தது. மீட்டரும் அதையே சொன்னது. அங்கிருந்து உள்ளே நடந்து, தெருவில் இருந்த ஒரு தனி வீட்டுக் கிணற்றைப் பார்த்தேன், அதுவும் நல்ல நீர். அடுத்து அமுதாவின் கிணறு, உப்பு. அதற்கு அடுத்து குடியிருப்பின் ஆழ்துளை, இன்னும் உப்பு. அதையும் தாண்டி மேற்கே போனால் மறுபடி நல்ல நீர். எனக்குப் பசி, தாகம், வெயில் எல்லாம் மறந்துபோயிற்று. கடல் வந்திருந்தால் குப்பத்தைத் தாண்டி அல்லவா வந்திருக்க வேண்டும்? நடுவில் குதித்தா வரும்?

கமாலுதீன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"கடலு பக்கவாட்டுலதான் வரணும்னு யாருமா சொன்னது? மோட்டாருக்கு அடியிலேர்ந்து மேல ஏறும். கிணத்துல மேல, கீழ தனித்தனியா எடுத்துப் பாத்தியா?"

பார்த்திருந்தேன். கீழே போகப்போக உப்பு அதிகம்தான். "அப்புறம் இன்னா? அடியிலேர்ந்து ஏறிக்கீது. கிளீன் கேஸு" என்று பேனாவைத் திறந்தார். வேலைக்கு வந்ததிலிருந்து அவரிடம் கேட்டுக் கேட்டுப் புளித்த சொல் என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"வேற?"

நான் பயந்துதான் போனேன். சார் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரிம்மா. நீயே சொல்லு. வேற?"

அமுதாவின் கிணறு, தனி வீட்டுக் கிணறு, மேற்கே இருந்த கிணறு மூன்றிலும் எல்லா மோட்டாரையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, சாக்பீஸ் தேய்த்து மட்டம் அளந்தோம். தண்ணீர் மேடான பக்கத்திலிருந்து பள்ளமான பக்கத்துக்கு ஓடும், மூன்று கிணற்று மட்டம் தெரிந்தால் எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். மேற்கிலிருந்து கடலை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது குடியிருப்பின் அடியில் இருக்கும் தண்ணீர்தான் அமுதாவுக்கு வருகிறது, அவளிடமிருந்து அங்கே போகவில்லை.

அடுத்து பரிசோதனைக் கூடத்தில் புரோமைடு பார்க்கச் சொன்னேன். கடல் நீரில் உப்போடு புரோமைடும் ஓர் அளவில் கலந்திருக்கும். அதே கடல் நீரை உப்பளத்தில் காயவைத்தால், உப்பு கட்டியாகப் படியும், புரோமைடு பெரும்பாலும் மிச்சத் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஆகவே ஒரு கிணற்றில் இருப்பது கடலிலிருந்து நேராக வந்த உப்பா, மூட்டையில் வந்த உப்பா என்று புரோமைடு காட்டிக்கொடுத்துவிடும். அமுதாவின் கிணற்றில் உப்பு நிறைய இருந்தது, அதற்கேற்ற புரோமைடு இல்லை. யாரோ மூட்டை உப்பைப் பூமிக்குள் கொட்டுகிறார்கள். உப்புத்தண்ணீர் கனம், கீழே போய்த் தங்கும், அதனால்தான் கிணற்றின் அடியில் உப்பு அதிகம் காட்டியிருக்கிறது. யார் கொட்டுவார்கள், எதற்கு? அன்று வீட்டுக்குப் போய் சாம்பாரில் உப்பே போடாமல் இறக்கி வைத்தேன்.

மறுநாள் சாரும் நானும் குடியிருப்புக்குப் போனோம். பார்த்தசாரதி வாசலிலேயே காத்திருந்தார், மடிப்புக் கலையாத வேட்டி, சந்தோஷமான முகம். "நாய் இருக்கா?" என்று சார் கேட்டார். "இருக்கு, ஆனா கடிக்காது" என்றார் அவர். சார் குடையை விரித்துக்கொண்டார்.

"வாங்கோ, வாங்கோ. மொதல்ல எங்க மழைநீர்க் குழியைப் பாருங்கோ. இந்தத் தெருவுலயே எங்களோடதுதான் பெரிசு. நான் தலைவரா வந்ததும் போட்ட மொதல் ரூல் என்ன தெரியுமோ? இந்தக் காம்பவுண்டுலேர்ந்து ஒரு சொட்டுகூட சாக்கடைக்குப் போகப்படாது. மாடித் தண்ணி, ஏசி தண்ணி எல்லாம் பூமிக்கே. பூமிக்கு நாம குடுத்தாத்தானே அது நமக்குக் குடுக்கும்?"

பேசிக்கொண்டே நடந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இப்படி ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால் எங்களுக்கு வேலையே இருக்காது. மோட்டார் அறையைத் தாண்டும்போது உள்ளே பார்த்தேன். சுவரோரம் கல் உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"இது எதுக்கு சார்?"

"அதுவா? சாஃப்ட்னருக்கு. போர் தண்ணி கெட்டி, ஒரே சுண்ணாம்பு. துணியெல்லாம் பழுப்பாயிடறது. அதான் மெஷின் போட்டோம். அதுக்கு வாராவாரம் உப்பு கரைச்சு விடணும். முன்னெல்லாம் ஒரு மூட்டை தாங்கும். இப்போ தண்ணி ரொம்ப மோசமாயிடுத்தா, மூட்டை மூட்டையா முழுங்கறது. எல்லாம் இந்த நர்சரியால வந்த வினை."

கமாலுதீன் சார் குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"உப்பு கரைச்சு விட்டப்புறம் வெளிய வர்ற கழிவுத் தண்ணி எங்க சார் போகுது?"

"சாக்கடைக்குத்தான் பைப் வச்சிருந்தா. நான்தான் பிளம்பரைக் கூப்பிட்டு மாத்தச் சொன்னேன். அவ்வளவு தண்ணியும் வீணாப் போறதேன்னு..." பாதியில் நிறுத்தினார். கணிதம் சொல்லிக்கொடுத்தவர் இல்லையா, கணக்கு அவருக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "அந்தப் பைப் மழைக்குழிக்குப் போறதான்னு எனக்குத் தெரியாது. வேற எங்கயாவதுகூடப் போகலாமே" என்றார்.

"பாத்துடலாம் சார். உங்க வீட்டுல கேசரிப் பவுடர் இருக்கா?"

அவர் மனைவி ஒரு பொட்டலத்தோடு இறங்கி வந்தார். மெஷினைக் கழுவும் குமிழைத் திருப்பச் சொல்லி, வெளியேறும் தண்ணீரில் பொட்டலத்தைக் கொட்டினேன். பிறகு மழைக்குழியின் மூடியைக் காவலாளி நெம்பித் திறக்க, எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். மாடி ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. கொஞ்ச நேரம் குழிக்குள் இருந்த குழாயில் தெளிந்த தண்ணீர் வந்தது. அப்புறம் இளமஞ்சளானது. அப்புறம் கல்யாண வீட்டு கேசரி நிறத்தில் கொட்டியது.

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது. நிமிர்ந்தால் பார்த்தசாரதியின் முகம். சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. தண்ணீரைக் கெட்டியாக்கும் சுண்ணாம்பை எடுத்து, உப்போடு சேர்த்து, அதே பூமிக்குள் விட்டிருக்கிறார்கள். அதையே மறுபடி உறிஞ்சியிருக்கிறார்கள். தண்ணீர் இன்னும் கெட்டியாகியிருக்கிறது, இன்னும் உப்பு வாங்கியிருக்கிறார்கள். இப்படியே வருடக்கணக்காக. ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று நினைத்தவர்தான் இதைச் செய்திருக்கிறார்.

"நான்தான் சொன்னேன்" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல். "பிளம்பர் அப்பவே கேட்டான், உப்புத் தண்ணியாச்சே சார்னு. பூமி எல்லாத்தையும் வடிகட்டிடும்டான்னேன்."

பூமி அழுக்கை வடிகட்டும், கரைந்த உப்பை வடிகட்டாது. அதை அப்போது அவரிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கமாலுதீன் சார்தான் குடையை மடக்கி, அவர் தோளில் கை வைத்து, "பைப்ப மாத்திடலாம் ஸார், மொதல்ல அதப் பாப்போம்" என்றார். நாய் காலடியில் வந்து மோந்து பார்த்ததைக்கூட சார் கவனிக்கவில்லை.

கழிவுக்குழாய் பழையபடி சாக்கடைக்குத் திரும்பியது. ஆனால் அதோடு கதை முடியவில்லை. ஏற்கெனவே இறங்கிய உப்பு எங்கே போகும்? தண்ணீர் கடலை நோக்கித்தானே ஓடுகிறது. குடியிருப்பைத் தாண்டி அமுதாவிடம் வந்துவிட்டது, அடுத்து தனி வீடு, அதற்கடுத்து குப்பத்துக் கைப்பம்பு. கார்க்காரர்களுக்குக் கடையில் கேன் தண்ணீராவது கிடைக்கும், குப்பத்துக்கு அந்தப் பம்பை விட்டால் வேறு கிடையாது. உப்பை வழியிலேயே மறித்து வெளியே எடுக்க வேண்டும். மறிப்பதற்குச் சரியான இடத்தில் ஒரே ஒரு கிணறுதான் இருந்தது.

அந்த அறிக்கையில்தான், நிவேதா, அமுதாவின் மோட்டார் ஓடட்டும் என்று எழுதினேன். உப்புக் குறையும்வரை இறைத்துக் கால்வாயில் விட வேண்டும். சார் படித்துவிட்டு "வேற?" என்றார். "வேற இல்ல சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அமுதாவிடம் போய்ச் சொன்னபோது வெடித்துவிட்டாள்.

"நல்லா கீது மேடம் நாயம்! நிறுத்து நிறுத்துன்னு மனு எழுதுவாங்க. இப்போ அவுங்க கலந்த உப்ப எடுக்க என் மோட்டாரு ஓடணுமா? அதும் கால்வாய்க்கு? என் செடிக்கு யார் ஊத்துவா?"

அவள் கேட்டது அத்தனையும் நியாயம். கட்டாயப்படுத்த எங்களுக்கு வழியும் இல்லை. அப்போது கேட்டில் யாரோ நிற்பது தெரிந்தது. பார்த்தசாரதி. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை வருடம் இருந்தவர், இந்தக் கேட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவையாம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். நர்சரிக்குள் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

"அமுதா, தப்பு என்னோடது. உன் செடிக்கு எங்க சம்ப்லேர்ந்து கார்ப்பரேஷன் தண்ணி தரேன், சுவத்து மேலயே ஹோஸ் போட்டுடலாம். கரண்டும் எங்காத்து மீட்டர்லேர்ந்தே எடுத்துக்கோ. மோட்டாரை மட்டும் கொஞ்சம் போடறியாம்மா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வாயில் வந்ததை முழுங்கினாள் என்று நினைக்கிறேன். "உள்ள வா மாமா, வெயில்ல நிக்காத" என்றாள். போய் மோட்டாரைப் போட்டாள்.

அதற்குப் பிறகு நான் மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம் அவர் அங்கே இருப்பார். மோட்டார் சத்தம் கேட்காவிட்டால் மாடியிலிருந்தே, "ஏன்மா, இன்னிக்கு ஓடலையா?" என்று குரல் கொடுப்பாராம். "கொழந்தைக்கு மூச்சு வருதான்னு பாக்குற மாதிரி பாக்குறாரு மேடம்" என்று அமுதா சொல்லிச் சிரித்தாள். மீட்டரில் எண் இறங்குவது தெரிந்துகொள்ள என்னைவிட அவருக்கு அவசரம். நடுவில் ஒரு நல்ல மழைக்காலம் வந்தது, அதுவும் கைகொடுத்தது. செம்பருத்தியில் ஓரம் கருகாத இலை வந்த அன்று அவளே எனக்குப் போன் செய்தாள். குப்பத்துப் பம்பில் கடைசிவரை உப்பு வரவே இல்லை. அந்த அம்மாளுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே நேற்று நிவேதா நேரில் போய் வந்துவிட்டாள். தெருவிலிருந்தே போன் செய்தாள், குரலில் ஒரே பரபரப்பு.

"மேடம், தண்ணி சூப்பரா இருக்கு, உப்பே இல்ல. காலையில செடிக்கு இறைக்கிறாங்க, மதியத்துக்குள்ள மட்டம் திரும்ப ஏறிடுது. நான் கோட்டோட பாதியை மட்டும் பாத்துட்டுப் பயந்துட்டேன். நோட்டீஸ் எதுவும் வேணாம். ஆனா ஒரு விஷயம், உள்ள போறதுக்குள்ள கேட்டுல ஒரு தாத்தா புடிச்சிக்கிட்டாரு. ரொம்ப வயசு, கையில தடி. எந்த ஆபீஸ்னு கேட்டாரு, சொன்னேன். 'மோட்டாரை நிறுத்தச் சொல்லத்தானே வந்தேள்? அதெல்லாம் முடியாது. என்னைத் தாண்டிண்டு போங்கோ பாக்கலாம்'னு வழியில குறுக்க நின்னுட்டாரு. அந்தக்கா வந்து சொன்னப்புறம்தான் விட்டாரு. யாரு மேடம் அவரு, கிணத்துக்கு ஓனரா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"ஓனர் இல்லம்மா" என்றேன். "அந்த மோட்டாரை நிறுத்தச் சொல்லி மனு குடுத்தவரு."